வீட்டுக் கொல்லையில் பேரி மரம்

பேரிக்காய் என்று சொல்லுகிறோமே தவிர, பேரிப்பழம் என்று சொல்லுவாரைக் காண்பது அரிது. மாங்காய் உண்டு, மாம்பழமும் உண்டு. வாழைக்காய் உண்டு, வாழைப்பழமும் உண்டு. பேரிக்கு மட்டும் கனிந்த பின்னும் காய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 'பேரி' என்ற சொல் போர்த்துக்கீசியர் வாயிலாக நமக்கு வந்தது. அவர்கள் மொழியில் அது 'பேரா'. சாவியும் சன்னலும் வந்த வழியில் வந்த சொல் அது. 'காய்' என்பது நாம் சேர்த்துக்கொண்டது. நம்மவர் மலைச் சந்தைகளில் கண்டது, கடித்தால் நறுக்கென்னும் பச்சை நிறக் கனி. ஆகவே காய் என்றனர். பெயரில் பிழையில்லை. பேரியில் பல வகைகள் மரத்திலிருக்கும்வரை நன்றாகக் கனிவதே இல்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

பஞ்சாபிற்குப் படிக்க வந்திருக்கும் நமக்கு இந்தக் கனி ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தள்ளுவண்டி தோறும் காட்சி தருகிறது. 'நாஷ்பாத்தி' என்று கூவி விற்கிறார்கள். பேராசிரியர் குடியிருப்பில் இரண்டொரு வீட்டுக் கொல்லைகளில் மரமாகவும் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு நம் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. இங்கே வீட்டில் வைத்தால் காய்க்குமா? ஊருக்கு ஒரு கன்று கொண்டு போகலாமா? இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அது மண்ணிலும் இல்லை, உரத்திலும் இல்லை. மார்கழிக் குளிரில் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு பழங்கதை. ஏழாம் நூற்றாண்டில் இந்நாட்டிற்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், பஞ்சாபில் 'சீனபுக்தி' என்று ஒரு நாடு இருந்ததாக எழுதுகிறார். கனிஷ்கர் காலத்தில் சீனத்துப் பக்கமிருந்து பிணையாக அனுப்பப்பட்டவர்கள் குளிர்காலத்தை அங்கே கழித்தார்களாம். அவர்கள் வருமுன் இந்நாட்டில் பேரியும் இல்லை, பீச்சும் இல்லை என்றும், அவர்களே அவற்றைப் பயிரிட்டனர் என்றும், அதனால் பேரிக்குச் 'சீன ராஜபுத்திரன்' என்று பெயர் வழங்கிற்று என்றும் அவர் குறிக்கிறார். பிணையாக வந்தவர் கன்றையும் கையோடு கொணர்ந்தாரா என்பதை வரலாற்று மாணவர்களுக்கு விட்டுவிடுவோம். காட்டுப் பேரி ஒன்று இமயச் சாரலில் தானாகவே விளைகிறது; ஆதலின் பேரியினமே இங்கு இல்லாதிருந்தது என்று சொல்ல இயலாது. ஆனால் இன்று பஞ்சாபின் சமவெளியில் மிகுதியாகப் பயிராகும் கெட்டிப் பேரி, சீனமும் ஜப்பானும் போற்றும் கீழ்நாட்டுப் பேரியினத்தைச் சேர்ந்ததே. அந்த அளவில் யாத்திரிகர் வாக்கு பொய்க்கவில்லை.

பேரி ரோஜாக் குடும்பத்தது, ஆப்பிளுக்கு உடன்பிறப்பு. தோட்டங்களில் வளர்வதைப் பெரும்பாலும் இரண்டு பிரிவாக்கலாம். ஒன்று மேல்நாட்டுப் பேரி: கழுத்து நீண்டு, அடி பருத்து, கனிந்தால் வெண்ணெய் போல் குழைவது. மற்றொன்று கீழ்நாட்டுப் பேரி: உருண்டை வடிவம், சாறு மிகுதி, கனிந்த பின்னும் நறுநறுப்பு. இவ்விரண்டும் கலந்து பிறந்த வகைகளும் பல உண்டு.

இனிக் குளிருக்கு வருவோம். பேரி மரம் இங்கே கார்த்திகை, மார்கழியில் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கிறது. காய்ந்துவிட்டதோ என்று புதிதாய் வந்தவர் அஞ்சுவார். நகத்தால் பட்டையைச் சிறிது கீறினால் உள்ளே பச்சை தெரியும். வரும் ஆண்டின் பூவும் இலையும் முந்தைய கோடையிலேயே அரும்புகளாக உருவாகி, செதில் மூடிக் கிளையில் காத்திருக்கின்றன. டிசம்பரில் நாலு நாள் வெயில் அடித்தால் அவை ஏன் விரிவதில்லை? விரிந்தால் அடுத்த வாரத்துப் பனியில் கருகிவிடும். ஆகவே அரும்புக்குள்ளேயே ஒரு பூட்டு இருக்கிறது. குளிர் நேரம் இவ்வளவு கடந்தது என்று கணக்குத் தீர்ந்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். வெயிலைக் கண்டு ஏமாறாத மரம் இது.

கணக்கு என்று நான் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சன்று. தோட்டக்கலை நூலார் வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும் மணிகளைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். உறைநிலைக்கு வெகு கீழே போன குளிர் அதிகம் பயன்படுவதில்லை. இடையில் நல்ல வெப்பம் வந்தால் கூட்டியதில் ஒரு பகுதி கழிந்தும் போகிறது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு தொகை உண்டு. மேல்நாட்டுப் பேரி வகைகளிற் பல 800 மணி, 1,000 மணி, அதற்கு மேலும் கேட்கின்றன. பஞ்சாபின் கெட்டிப் பேரிக்கோ 150 மணியளவே போதும். காசுமீரத்திலும் இமாசலத்திலும் நன்றாகக் காய்க்கும் மரத்தை லூதியானாவில் வைத்தால் ஏமாற்றம் விளைவதும், அமிர்தசரசுச் சமவெளியில் கெட்டிப் பேரித் தோப்புகள் செழிப்பதும் இந்த ஒரு வேறுபாட்டினால்தான்.

கணக்குத் தீராவிட்டால் மரம் இறந்துவிடாது. அதுதான் தொல்லை. இறந்துவிட்டால் பிடுங்கிவிட்டு வேறு வைக்கலாம். தீராத மரம் வாழ்கிறது. கிளை நுனியில் மட்டும் தாமதமாக இலை விடுகிறது. நடுக்கிளை வெறுமையாக நிற்கிறது. பூ ஒன்றிரண்டு ஒவ்வொரு காலத்தில் தோன்றி உதிர்கிறது. வீட்டுக்காரர் உரம் போதவில்லை என்று உரம் போடுகிறார், நீர் போதவில்லை என்று நீர் விடுகிறார். நம் விடுதியிலிருந்த நண்பர் ஒருவர் 2014 தை மாதத்தில் இங்கிருந்து கன்று ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றி, ரயிலில் இரண்டு இரவு மடியிலேயே வைத்துக்கொண்டு விருதுநகர் கொண்டுபோனார். அவருடைய தந்தையார் அதைக் கிணற்றடியில் வைத்துப் பிள்ளைபோல் வளர்த்தார். ஆள் உயரத்துக்கு மேலும் வளர்ந்தது. எட்டாண்டு கழித்தும் ஒரு காய் இல்லை. மரத்தின்மேலும் குற்றமில்லை, அவர்மேலும் குற்றமில்லை. தை மாதத்து நள்ளிரவிலும் அந்த ஊரில் வெப்பம் 7 டிகிரியை நெருங்குவதே கிடையாது. எண்ணுவதற்கு ஒரு மணிகூட இல்லாத மரம் என்ன செய்யும்?

தொட்டியிலுள்ள சிறு மரத்தைக் குளிர்பதன அறையில் வைத்து இந்தக் கணக்கைத் தீர்க்கலாம். ஆராய்ச்சிக்கூடங்களில் அவ்வாறு செய்வதும் உண்டு. கிணற்றடியில் வேரூன்றிய மரத்தை எந்த அறையில் கொண்டு வைப்பது!

தமிழ்நாட்டில் பேரி இல்லையா என்று கேட்கலாம். உண்டு, மலையில் உண்டு. 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கோடைக்கானலிலும், நீலகிரியிலும், ஏற்காட்டிலும் பேரி காய்க்கிறது. அங்கே குளிர் சிறிது, ஆனால் இருக்கிறது. அந்தச் சிறிதளவு குளிரோடு நிறைவு கொள்ளும் வகைகளே அங்கு நிலைத்திருக்கின்றன. ஆகவே ஊருக்குக் கன்று கொண்டுபோக விரும்பும் நண்பர்களுக்கு என் விடை இதுதான்: உங்கள் ஊர் அந்த மலைகளில் இருந்தால் கொண்டு போங்கள், அதுவும் குறைந்த குளிர் கேட்கும் வகையை, மதுரை, தஞ்சை, திருநெல்வேலிப் பக்கமானால் நல்ல கொய்யாக் கன்று ஒன்றை அங்கேயே வாங்குங்கள். கொய்யாவின் சதையை மெல்லும்போதும் அதே நறநறப்பு பல்லில் படும். பேரியிலும் கொய்யாவிலும் சதைக்கிடையே சுவர் தடித்துக் கல்லாகிப்போன கண்ணறைகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. மணல் கடிபடுவது போன்ற உணர்ச்சிக்கு அவையே காரணம்.

இனி இந்தப் பஞ்சாபிலேயே வைப்பதைப் பற்றி. பேராசிரியர் குடியிருப்பிலுள்ள நம் குடும்பத்தினருக்கும், இங்கேயே வேலையில் அமர எண்ணியிருப்போருக்கும் இது பயன்படும்.

எந்த வகை? கெட்டிப் பேரிக்கு இங்குப் பெயர் 'பத்தர்நாக்'. பத்தர் என்றால் கல். பெயரைக் கேட்டு ஒதுக்கிவிட வேண்டாம். மெல்லிய பக்கூகோஷாவை உண்டு பழகியவர்கள் இதை ஏளனமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நன்றாக விளைந்த பத்தர்நாக் சாறு மிக்கது, நறுமொறுவென்றிருப்பது, பறித்த பின் பல நாள் கெடாதது. துண்டு போட்டு உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவினால் பள்ளிக்கூட வாசலில் மாங்காய் தின்ற நினைவு வரும். கவனிப்பு ஓரளவு குறைந்தாலும் பொறுத்துக்கொண்டு காய்க்கும் மரமும் இதுவே. மெல்லிய கனிதான் வேண்டுமென்பவர்களுக்கு, லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சமவெளிக்கெனப் பரிந்துரைக்கும் 'பஞ்சாப் பியூட்டி' போன்ற பாதி மென்மையான வகைகள் இருக்கின்றன.

விதை போட்டு வளர்க்க எண்ணாதீர்கள். விதையில் தாயின் குணம் வராது. காய்க்க ஆண்டு பலவாகும். காட்டுப் பேரியின் நாற்றில் நல்ல வகையின் குச்சியை ஒட்டுக்கட்டிய கன்றே வாங்கத் தக்கது. இந்தக் காட்டுப் பேரியை இங்கே 'கைந்த்' என்கிறார்கள். முள்ளுள்ளது, காய் சிறிது, வேர் மிக உறுதி. கன்றின் அடியில் சிறு வளைவாகத் தெரியும் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். அந்த ஒட்டுக்குக் கீழிருந்து தளிர் கிளம்பினால் உடனே கிள்ளியெறிய வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவைத்தால் இரண்டு மழையில் கைந்த் மேலோங்கி, விலை கொடுத்து வாங்கிய பேரி நலிந்து மறையும். முள்ளுள்ள பேரி மரம் எப்படி வந்தது என்று பிறகு வியப்பவர்கள் இந்தத் தளிரைக் கவனியாதவர்களே.

நடும் காலம் நம் பொங்கலையொட்டி அமைகிறது. மரம் உறங்கும்போதே, அதாவது அரும்பு விரியுமுன், ஜனவரியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் நட்டுவிட வேண்டும். இந்நாளில் கன்றை மண்கட்டி இல்லாமல் வெறும் வேரோடு விற்பார்கள். உறங்கும் கன்றுக்கு அதனால் தீங்கில்லை, வேர் காயாமல் ஈரச் சாக்கு சுற்றியிருந்தால் போதும். மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் குழி தோண்டி, மேல் மண்ணையும் மக்கிய சாண எருவையும் கலந்து நிரப்பி, நன்றாக நீர் விட்டு மண் அமர்ந்தபின் நடுக. பக்கத்து மரத்துக்கு இருபத்தைந்தடி இடைவெளி வேண்டும். சிறு கன்றைப் பார்த்து இவ்வளவு இடமா என்று தோன்றும். அது பெரிய மரமாகும் என்பதை மறக்கலாகாது. களிமண்ணையும் சிறிது நீர்த் தேக்கத்தையும் ஆப்பிள், பீச்சு ஆகியவற்றைவிடப் பேரி பொறுக்கும். அதற்காக வாய்க்கால் பள்ளத்திலேயே வைத்துவிடுவது கூடாது.

நட்டவுடன் தண்டை இரண்டரை அடி உயரத்தில் வெட்டிவிட வேண்டும். வெட்ட மனம் வராது. ஆயினும் வெட்டாத கன்று ஒரே கம்பமாக மேலே போய்விடும். வெட்டினால் பக்கத் தளிர்கள் வரும். அவற்றுள் வெவ்வேறு திசையில், ஒன்றுக்கொன்று சிறிது இடைவெளியில் நாலைந்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குக. பேரியின் கிளை இயல்பாகவே நிமிர்ந்து தண்டோடு ஒட்டி வளரும். அப்படி ஒட்டிய கிளை காய்ப் பாரத்தில் பிளந்துவிடும், காய்ப்பதும் தாமதமாகும். இளங்கிளைக்கும் தண்டுக்கும் இடையே மூங்கில் துண்டைச் செருகியோ, கயிறு கட்டித் தரையிலுள்ள முளையோடு இழுத்தோ அகட்டி வைக்க வேண்டும். முதல் மூன்றாண்டில் செய்ய வேண்டிய வேலைகளுள் இதைவிட முக்கியமானது வேறில்லை என்பது என் கருத்து.

கவாத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பேரியின் பூ, புதுக்கிளையின் நுனியில் பெரும்பாலும் வருவதில்லை. இரண்டாண்டான கிளையில் விரல் நீளம்கூட இல்லாத முடிச்சு விழுந்த குட்டைக் குச்சிகள் தோன்றும். பூவும் காயும் அவற்றில்தான். ஒரே குட்டைக் குச்சி பல ஆண்டு காய்க்கும். பார்ப்பதற்குக் காய்ந்த கணுப் போல் அழகின்றி இருக்கும். குளிர்காலத்தில் தோட்டக்காரரை அழைத்து மரத்தைச் சுத்தம் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனால், அவர் இவற்றையெல்லாம் மொழுமொழுவென்று சீவிவிட்டுப் போவார். மரம் அழகாயிருக்கும், காய் இராது. உலர்ந்தது, நோயுற்றது, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டது ஆகிய கிளைகளை மட்டும் வெட்டினால் போதும்.

நீரும் உரமும் அதிகம் விவரிக்கத் தேவையில்லை. முதல் மூன்றாண்டில் மரத்துக்கு 10 முதல் 20 கிலோ சாண எரு, பத்தாண்டுக்குமேல் 50 கிலோ, டிசம்பரில் இடுக. ஏப்ரல் முதல் ஜூன்வரை காய் பருக்கும் காலம். அனற்காற்று வீசும் காலமும் அதுவே. அப்போது வாரம் ஒரு முறையாவது நீர் நிறைய விட வேண்டும். அடியில் வைக்கோல் பரப்பினால் ஈரம் நிற்கும். சில தோட்டங்களில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. 100 லிட்டர் நீருக்கு 300 கிராம் வீதம் அன்னபேதியைக் கரைத்து இலைமேல் தெளிப்பது வழக்கம்.

பிப்ரவரி இறுதியில் தொடங்கி மார்ச்சில் மரம் வெள்ளையாகப் பூக்கும். காண இனிது, முகர இனிதன்று. மீன் வாடை போன்ற ஒரு நெடி உண்டு. தேனிலும் சர்க்கரை குறைவு; ஆதலின் அருகில் கடுகு வயல் பூத்திருந்தால் தேனீ பேரியைக் கடந்து அங்கேதான் போகும். மேல்நாட்டு வகைகளிற் பெரும்பாலானவை தம் மகரந்தத்தால் தாமே நன்றாகக் காய்ப்பதில்லை. அதே காலத்தில் பூக்கும் வேறொரு வகை பக்கத்தில் இருந்தாக வேண்டும். பத்தர்நாக் தனித்து நின்றாலும் காய்க்கும். ஒரே மரத்துக்குத்தான் இடமுண்டு என்ற சிறு கொல்லைக்கு இதுவும் ஒரு காரணம்.

நட்டதிலிருந்து காய் காண ஐந்தாறு ஆண்டு ஆகும். நான்காண்டுப் படிப்புக்கு வந்த நாம் நடும் மரத்தின் முதற்காயை நமக்குப் பின் வருவோரே தின்பர். ஆனால் வந்துவிட்டால் வெகுகாலம் நிற்கும் மரம். அமெரிக்காவில் மாசசூசெட்சு மாநிலத்து டான்வர்ஸ் ஊரில், ஆளுநர் எண்டிகாட் என்பவர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைத்த பேரி, புயலிலும் பிறர் வெட்டியதிலும் பலமுறை ஒடிந்தும் அடியிலிருந்து மீண்டும் தழைத்து, இன்றும் காய்க்கிறது.

பறிப்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். மெல்லிய வகைகள் மரத்திலேயே மஞ்சளாகட்டும் என்று விட்டுவைத்தால், வெளியே அழகாயிருக்கும்போதே உள்ளே நடுப்பகுதி பழுப்பாகிக் குழைந்துவிடும். ஏனெனில் அவை உள்ளிருந்து வெளிநோக்கிக் கனிகின்றன. பச்சையாக இருக்கும்போதே காயைக் கையில் ஏந்திக் காம்பு மடங்குமாறு மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். எளிதில் கழன்று வந்தால் பறிக்கும் பருவம். வீட்டுக்குள் காகிதத்தில் சுற்றி வையுங்கள். விரைவு வேண்டுமானால் கனிந்த வாழைப்பழம் ஒன்றை உடன் வையுங்கள். வாழைப்பழத்திலிருந்து எத்திலீன் என்னும் ஆவி வருகிறது. நம் ஊரில் வாழைத்தாருக்குப் புகைபோடும்போது புகையிலிருந்து வருவதும் அதுவே. காம்பையொட்டிய கழுத்துப் பகுதியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திச் சிறிது அமிழ்ந்தால் உண்ணலாம். நடுவயிறு அமிழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது. பத்தர்நாக்குக்கு இந்தச் சோதனை எதுவும் வேண்டாம்; ஜூலை இறுதியில் பச்சை நிறம் சிறிது வெளிறியதும் பறித்து அன்றே தின்னலாம்.

அந்த நாளில் கிளி வரும், பழ ஈயும் வரும். கிளியை விரட்டச் சிறுவர்கள் போதும். பழ ஈ காயின் தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. புழுத்த காய் உதிர்கிறது. உதிர்ந்த காயிலிருந்து புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி மறுபடியும் ஈயாக எழுகிறது. ஆதலின் கீழே விழுந்த காய்களை நாள்தோறும் பொறுக்கி, இரண்டடி ஆழத்திற் புதைத்துவிட வேண்டும். மரத்தடியில் அவற்றைக் குவித்து வைப்பது, அடுத்த வாரத்து ஈக்களை நாமே வளர்ப்பதாகும்.